சோர்வு கெடாமல் பாதுகாக்கப்படும்

மனித குலத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: எதிலும் குறை பொறுக்காத குணத்துக்கும் மனச்சோர்வுக்கும் இடையே உள்ள தொடர்பைக் கண்டறியும் மகத்தான பணியை எமது உயர் ஆய்வு நிறுவனம் தொடங்கிவிட்டது. இனி எவரும் காரணம் தெரியாமல் அழ வேண்டியதில்லை. தகுதியுள்ளவர்களுக்கு உணவு, உறைவிடம், சிகிச்சை அனைத்தும் இலவசம்.

இந்த அறிவிப்பு நாளிதழில் முழுப்பக்கத்துக்கு வந்தது. முந்தைய வாரமும் வந்திருந்தது. அதற்கு முந்தைய வாரமும். முதல் தடவை, பக்கத்தைச் சுற்றிப் போட்ட கட்டம் வலது ஓரத்தில் ஒரு மயிரிழை தடித்துவிட்டதாக நிறுவனத்தின் இயக்குநர் கருதினார். இரண்டாம் தடவை கட்டம் சரியாக இருந்தது. ஆனால் பின்பக்கத்து விளம்பரத்திலிருந்த குளிர்சாதனப் பெட்டி தாள் வழியே லேசாகத் தெரிந்தது. ஆக, மனித குலம் மூன்று வாரமாக ஒரே செய்தியைத் தெரிந்துகொண்டிருந்தது.

அப்படித் தெரிந்துகொண்டவர்களில் ஒருத்தி கத்திரி அக்கா. மூன்று நாற்காலி போட்ட சலூன் ஒன்றை நடத்துகிறவள். கையில் கத்திரி இருப்பதால் அந்தப் பெயர் வந்ததா, வாயில் இருப்பதால் வந்ததா என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு. அவளுடைய சொந்தப் பெயர் வங்கிக்குப் போகும்போது மட்டும் அவளுக்கே தேவைப்படும். ஒரு வாடிக்கையாளரின் தலையில் சாயம் காய்கிற இடைவெளியில் அவள் அந்த அறிவிப்பை எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்தபோது வாடிக்கையாளரின் தலை வேறு நிறமாகியிருந்தது.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு அவள்தான் எல்லாம். கட்டடக் கம்பெனிகளுக்கு மாதிரி வடிவம் செய்து கொடுப்பது அவன் வேலை. நாளைக்கு எழும்பப்போகிற அடுக்குமாடிக் குடியிருப்பை இன்றைக்கே மேசை மேல் தீப்பெட்டி அளவில் நிறுத்திவிடுவான். கடைசியாகச் செய்த குடியிருப்பில் பஞ்சால் ஆன மரங்கள் அவனுக்குத் திருப்தியாக வரவில்லை. பிடுங்கினான், நட்டான், பிடுங்கினான். பிறகு ஜன்னல்கள். பிறகு மொட்டைமாடி. கம்பெனிக்காரர்கள் எடுத்துப்போக வந்த அன்று, உள்ளங்கையை விரித்துக் கூரை மேல் வைத்து மெதுவாக அழுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். படுத்தவன் எழவில்லை.

"என்னை விட்டுடுக்கா" என்றான்.

"விட்டுட்டா இந்த விரிப்பை யாருடா மாத்துறது? எந்திரி. இலவசமாப் பாக்குறாங்களாம்."

நிறுவனத்தின் கூடத்தில் நல்ல கூட்டம். எல்லாருக்கும் ஒரு முன்தேர்வுத் தாள் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கழிக்கப்பட்டார்கள். டிக் போடும்போது கட்டத்துக்கு வெளியே கோடு நீண்டவர்களுக்குக் குறை பொறுக்காத குணம் இல்லை என்று வெளியே அனுப்பினார்கள். நேர்த்தியாகப் போட்டவர்களை, இவ்வளவு நேர்த்தியாகப் போட்டவருக்கு என்ன சோர்வு இருக்க முடியும் என்று அனுப்பினார்கள். ஒரு கிழவர் அழுதுகொண்டே எழுதினார். தாள் நனைந்துவிட்டதால் அவரையும் அனுப்பினார்கள்.

தம்பி மட்டும் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். பிறகு, செத்துப்போன குரலில், "ஸ்கேல் இருக்குமா?" என்று கேட்டான்.

தாள் கொடுத்தவர் மாடிக்கு ஓடினார். மாடியிலிருந்து இயக்குநரே இறங்கி வந்தார்.

இயக்குநரின் அறையில் பென்சில்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. சீவிச் சீவி உயரம் குறைந்தவை பதவி இழந்துவிடுமாம். நாற்காலிகளின் கால்களைச் சுற்றித் தரையில் மெல்லிய வட்டங்கள் போட்டிருந்தன. உட்கார்ந்த பிறகு யாரும் நகர்த்திவிடக் கூடாது என்பதற்காக. கத்திரி அக்கா உட்கார்ந்ததும் நகர்த்தினாள்.

"அம்மா, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்" என்றார் இயக்குநர், நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டு. "உங்க தம்பி இனிமே நோயாளி இல்ல. ஆய்வு மாதிரி. நோயாளி எங்க வேணா கிடைப்பான். மாதிரி கிடைக்கிறது அபூர்வம்."

"சரிங்க சார். சிகிச்சை எப்ப ஆரம்பிப்பீங்க?"

"ஆய்வு முடிஞ்சதும்."

"ஆய்வு எப்ப ஆரம்பிப்பீங்க?"

"கேள்வித்தாள் தயாரானதும்."

"அது எப்ப தயாராகும்?"

இயக்குநர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுகூட இழுத்த அளவுக்கே வெளியே வந்தது. "ஒரு நல்ல கேள்வி கனியறதுக்கு நேரம் எடுக்கும்மா. எனக்கு முன்னால இருந்த இயக்குநர் முதல் கேள்வியிலேயே ரிட்டயர் ஆனார். நாங்க இப்ப ரெண்டாவதுக்கு வந்துட்டோம்."

பக்கத்தில் நின்ற துணை இயக்குநர் அம்மாள் பெருமிதத்தோடு தலையாட்டினாள். கண்ணாடி போட்ட, எந்நேரமும் எதையாவது குறித்துக்கொண்டே இருக்கிற பெண்மணி.

கத்திரி அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் படித்தவர்கள், பெரிய கட்டடம், இலவசம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் கையெழுத்திட்ட அனுமதி இல்லாமல் தம்பியை வெளியே அழைத்துப் போக முடியாது என்பது அவள் போட்ட கையெழுத்தின் சாரம்.

தம்பிக்குக் கொடுத்த அறைக்கு, சோர்வைக் கூடாமல் குறையாமல் அதே நிலையில் வைத்திருக்கும் இடம் என்பதால், அடிநிலை அறை என்று பெயர். கட்டடத்திலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது. சுவருக்கு ஒரு சாம்பல் நிறம். பார்க்கிறவருக்குத் தெம்பும் வராமல் பயமும் வராமல் இருக்கப் பல வருஷம் கலந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம்.

சலூனை மூடுகிற நாளில் வாராவாரம் அவள் அவனைப் பார்க்கப் போனாள். முதல் வாரமே மாடிப்படித் திருப்பத்தில் ஒரு காட்சி. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளைஞன் ஒருவன் சுவரில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண், கையில் டிஷ்யூவோடு, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

"வருத்தக் கடிதம் திரும்பி வந்துடுச்சுக்கா" என்றான் அவன். "ஒரு கோப்பைத் தப்பா அடுக்கிட்டேன். அதுக்கு வருத்தம் தெரிவிச்சு எழுதணும். நாலாவது தடவையா திரும்பி வருது. வருத்தத்துல ஆழம் பத்தலையாம்."

"சீக்கிரம் அழுங்க, எனக்கு மீட்டிங் இருக்கு" என்றாள் பின்னால் நின்ற பெண்.

கத்திரி அக்கா நேரே துணை இயக்குநர் அம்மாளிடம் போனாள். "ஏம்மா, ஊரெல்லாம் பேப்பர்ல போட்டு ஆள் தேடுறீங்க. உங்க மாடிப்படியில வரிசையில நிக்குறாங்களே."

"ச்சே, அவங்க ஸ்டாஃப்" என்றாள் அம்மாள். "ஸ்டாஃப் அழுதா அது சோர்வு இல்ல, ஒழுங்கீனம். நான்கூட தினமும் மத்தியானம் அழுவேன். ஆனா என் சொந்த நேரத்துல."

அடுத்தடுத்த வாரங்களில் ஒரு விபரீதம் நடந்தது. சிகிச்சை ஏதும் இல்லாமலேயே தம்பி தேற ஆரம்பித்தான். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனுக்கு இங்கே பார்க்க நிறைய இருந்தது.

"அக்கா, நேத்து என் தலையணையில விழுந்த பள்ளத்தை அளந்தாங்க."

"எதுக்குடா?"

"சோகத்தோட எடை தெரியுமாம். பள்ளம் இடது பக்கமா சாய்ஞ்சிருந்துச்சு. இன்னொரு தடவை நடுவுல சோகமாப் படுங்கன்னாங்க."

கத்திரி அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பது சலூனில் மூன்றாவது நாற்காலியில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும். அதைக் கேட்டு அவனும் சிரித்தான். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. துருப்பிடித்த கேட் திறப்பது போல இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்குள் தாழ்வாரத்தில் மணி அடித்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். அவளைக் கூட்ட அறைக்குக் கொண்டு போனார்கள்.

"சிரிப்பு நடந்திருக்கு" என்றாள் துணை இயக்குநர் அம்மாள், இழவு சொல்கிற குரலில்.

"நடந்துச்சு. நான்தான் சிரிக்க வச்சேன்."

"எத்தனை பல் தெரிஞ்சது?"

"நான் அவன் அக்கா. பல் டாக்டர் இல்ல."

இயக்குநர் கைகளை மேசைமேல் வைத்து, இரண்டு கைகளும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். "அம்மா, நீங்க ஒரு நல்ல காரியம் பண்ணினதா நினைக்கிறீங்க. ஆனா குணமாகறது ஒரு தனி மனுஷனோட சுயநலம். சோர்வு அப்படி இல்ல. அது அறிவியலுக்குச் சொந்தம். பாலைத் திறந்து வச்சா என்ன ஆகும்? கெட்டுப்போகும். அந்த மாதிரிதான். உங்க தம்பியோட சோர்வைக் கெடாம பாதுகாக்கறதுதான் எங்க பொறுப்பு."

"பாதுகாத்து?"

"அடுத்த மாசம் நிதிக்குழு பார்வையிட வருது. இத்தனை வருஷத்துல எங்ககிட்ட இருக்கிற முழு மாதிரி அவன் ஒருத்தன்தான். அவங்க வர்றப்போ அவன் சிரிச்சுக்கிட்டு நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

அடுத்த வாரம் அவளை உள்ளே விடவில்லை. அதற்கடுத்த வாரமும் விடவில்லை. வாசல் காவலரோடு அவள் போட்ட சத்தத்தில், அந்தத் தெரு மக்கள் அனைவரும் நிறுவனத்தின் குலம் கோத்திரம் முழுவதையும் அறிந்துகொண்டார்கள். அதன் பிறகு விட்டார்கள்.

அடிநிலை அறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு எதிரே ஒரு மேசை. மேசை மேல் அவன் கையால் அழுத்திய அதே அடுக்குமாடிக் குடியிருப்பு. கம்பெனியின் குப்பையிலிருந்து தேடி எடுத்து வந்து ஒட்டியிருந்தார்கள். அதில் எங்கெங்கே பிசகு இருக்கிறதோ அங்கெல்லாம் குண்டூசியில் சிவப்புக் காகிதக் கொடி குத்தியிருந்தார்கள். கட்டடமே தெரியாத அளவுக்குக் கொடி. இதற்குத் தூண்டுபொருள் என்று பெயராம். காலை, மதியம், மாலை என்று ஒரு ஆள் வந்து புதிதாக ஒரு கொடி குத்திவிட்டுப் போவாராம்.

தம்பி பாதியாகியிருந்தான். கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போய், கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க சொல்றது சரிதான்க்கா" என்றான். "நான் கவனிக்காத தப்புகூட நிறைய இருக்கு."

கத்திரி அக்கா மேசையை மறைத்து நின்றுகொண்டு அவன் தலையைக் கோதிவிட்டாள். முடி கொத்தாகக் கையில் வந்தது.

இயக்குநர் அறைக்குப் போய், "என் தம்பியை அனுப்பிடுங்க" என்றாள். உட்காரவில்லை.

"தாராளமா." அவர் அனுமதித் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கடைசிச் சுழி பிடிக்கவில்லை. கிழித்தார். இன்னொன்று. அதையும் கிழித்தார். "பாருங்க, நான் மறுக்கவே இல்ல. கையெழுத்து அமையல. நிதிக்குழு வந்து போனப்புறம் நிதானமாப் போட்டுத் தர்றேன்."

"அதுவரைக்கும் இப்படியே இருந்தா அவன் செத்துப்போவான் சார்."

இயக்குநர் அதை நியாயமாக, இரண்டு பக்கமும் யோசித்தார். "அது எங்க ஆய்வு வரம்புக்குள்ள வராதும்மா" என்றார்.

கத்திரி அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படித் திருப்பத்தில் இடம் காலியாக இருந்தது. அவள் அழவில்லை. ஒரு ஆளின் முகத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு இறங்கினாள்.

நிதிக்குழு வருகிற நாளும் வந்தது. நிறுவனம் விடியலிலிருந்தே துடைத்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. டீவிக்காரர்களும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இயக்குநருக்கு முகத்தில் லேசாக ஒப்பனை வேண்டியிருந்தது. ஊரிலுள்ள ஒப்பனைக்காரர்கள், முடிதிருத்துகிறவர்கள் அத்தனை பேரையும் அவர் ஏற்கெனவே ஏதாவது குறை சொல்லித் துரத்தியாகிவிட்டது. எஞ்சியிருந்தவள் ஒருத்திதான். துணை இயக்குநர் அம்மாள் போன் செய்தாள். கத்திரி அக்கா பெட்டியோடு வந்தாள்.

இயக்குநரின் மீசையைப் பற்றி இதுவரை சொல்லாமல் விட்டது நம் தவறு. அது மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் சட்டம் போட்டு மாட்டியது போல இருந்தது. தினமும் காலையில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்த பிறகுதான் அவர் அதை வெளியே கூட்டி வருவார்.

கத்திரி அக்கா அவருக்குத் துணி போர்த்தினாள். பவுடர் தடவினாள். பிறகு சற்றே பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"சார்…" என்றாள். "இல்ல, ஒண்ணுமில்ல. விடுங்க."

"என்ன?"

"விடுங்க சார். யாருக்கும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"இடது பக்க மீசை. ஒரு துளி கூட இருக்கற மாதிரி. சும்மா பாத்தாத் தெரியாது சார். டீவியில பெரிசாக் காட்டினாத்தான்."

இயக்குநர் விரலால் இடது மீசையைத் தொட்டுப் பார்த்தார். "எடு" என்றார்.

அந்த ஒரு பேச்சோடு சரி. அதன் பிறகு அவள் கருத்து எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். இடது பக்கம் எடுத்தாள். கண்ணாடியைக் காட்டினாள்.

"இப்ப வலது கூட இருக்கே."

வலது எடுத்தாள்.

"இடது."

இடது எடுத்தாள். அவர் ஸ்கேலை வாங்கி அளந்தார். ஸ்கேல் மேலேயே சந்தேகம் வந்து வேறு ஸ்கேல் கொண்டுவரச் சொன்னார். துணை இயக்குநர் அம்மாள் கதவைத் திறந்து, "சார், நிதிக்குழு வந்தாச்சு" என்றாள்.

"உக்காரச் சொல்லு. வலது."

மீசை கோடானது. கோடு புள்ளியானது. புள்ளி நடுவில் இல்லை என்றார். எடுத்தாள். மேலுதடு வெளிறிப்போய், குடி காலி செய்த வீடு போலக் கிடந்தது.

"இப்ப முகம் மேல் பக்கம் கனமா இருக்கு" என்றார் இயக்குநர். "புருவம் தூக்கி அடிக்குது."

"எடுத்துடவா சார்?"

"கொஞ்சமா. ரெண்டு பக்கமும் சமமா."

எடுத்தாள். சமமாகவில்லை என்றார். இன்னும் எடுத்தாள். புருவம் போனதும் தலைமுடி தொப்பி மாதிரி தெரிகிறது என்றார். அதற்கும் அவள் ட்ரிம்மரைத் தட்டினாள். மறுபேச்சு இல்லை. தரையில் கறுப்பாகக் குவிந்தது. துணை இயக்குநர் அம்மாள் மறுபடி எட்டிப் பார்த்து, தப்பான அறைக்கு வந்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் இயக்குநர் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். எங்கும் ஒரு மயிர் இல்லை. எதுவும் கூடவோ குறையவோ வழியே இல்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. பரவிய நிம்மதி பாதியில் நின்றது.

"காது" என்றார் மெதுவாக. "ஒண்ணு கொஞ்சம் கீழ இருக்கு."

கத்திரி அக்கா கத்திரியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "அது என் வேலை இல்ல சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து போய் சோபாவில், சுவரைப் பார்த்துப் படுத்தார்.

நிதிக்குழுத் தலைவர் பொறுமையிழந்து உள்ளே வந்தபோது துணை இயக்குநர் அம்மாள் சோபா அருகே மண்டியிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க முடியுமா? முடியாது. பசிக்கிறதா? இல்லை. எதற்காவது ஆசை இருக்கிறதா? என்னை விட்டுவிடு. அம்மாளின் கண்ணில் நீர், அவளுடைய சொந்த நேரம் அல்லாத நேரத்தில்.

"ஐயா" என்று அவள் நிதிக்குழுத் தலைவரைப் பார்த்து எழுந்தாள். "உலகத்துல இதுவரைக்கும் யாருக்கும் கிடைக்காத ஆதாரம். குறை பொறுக்காத குணம் காலையில ஆரம்பிச்சு, மத்தியானத்துக்குள்ள முழுச் சோர்வா மாறியிருக்கு. இடையில வேற எந்தக் காரணமும் கலக்கல. இவ்வளவு சுத்தமான மாதிரி இனிமே கிடைக்காது."

"இவர் யாரு?" என்றார் தலைவர்.

"இயக்குநர்."

"இயக்குநர் ஸ்டாஃப் இல்லையா? ஸ்டாஃபைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

அம்மாள் ஒரு கணம்தான் தயங்கினாள். "இப்ப நான்தான் பொறுப்பு இயக்குநர். இவரை இந்த நிமிஷத்துலேர்ந்து பதவியிலேர்ந்து விடுவிச்சாச்சு."

தலைவர் மனநிறைவோடு கைகுலுக்கினார். டீவிக்காரர்கள் விளக்கைப் போட்டார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அடிநிலை அறை ஒன்றுதான், அதில் ஏற்கெனவே ஆள் இருந்தது. பொறுப்பு இயக்குநர் அம்மாள் அனுமதித் தாளை எடுத்து, கோழி கிண்டியது போல ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக் கத்திரி அக்காவிடம் நீட்டினாள். தள்ளிப் பிடித்துப் பார்க்கவெல்லாம் அவளுக்கு நேரமில்லை.

தம்பியை ஒரு கையால் தாங்கி அக்கா வெளியே கொண்டுவந்தபோது இயக்குநரை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் அவள் குனிந்தாள்.

"பயப்படாதீங்க சார். இங்க நல்லாப் பாத்துக்குவாங்க. எதையும் கெட விடமாட்டாங்க."

பிறகு அம்மாள் பக்கம் திரும்பி, அடக்கமாக, "சாருக்கும் அந்தத் தூண்டுபொருள் வைப்பீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா, என்ன வைக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்."

"கட்டிலுக்கு நேரா ஒரு கண்ணாடி வைங்க. பெரிசா. காது தெரியற மாதிரி."

அம்மாள் அதைக் குறித்துக்கொண்டாள். நன்றியும் சொன்னாள்.

அடிநிலை அறை இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியை மறுபரிசீலனை செய்யப் புதுக் குழு போட்டிருக்கிறார்கள். நிதி இரண்டு மடங்காகியிருக்கிறது. குணமாக்கிவிடலாமே என்று இயக்குநரின் மனைவி ஒருமுறை கேட்டுப் பார்த்ததாகவும், அவரை மாடிப்படித் திருப்பம் வரை மரியாதையாகக் கொண்டுவந்து விட்டதாகவும் சொல்கிறார்கள்.

தம்பியைக் கத்திரி அக்கா பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அங்கே நாற்காலி ஆடியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை வரச் சொல்லி உட்காரவைத்துப் பேசினார், பேச்சு நடுவில் கொட்டாவியும் விட்டார். ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடவில்லை. சில வாரம் நன்றாக இருந்தான், சில வாரம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினான். திரும்பிய போதெல்லாம் அக்கா சோற்றுத் தட்டோடு சுவர்ப் பக்கமே போய் உட்கார்ந்தாள்.

மழை முடிந்த ஒரு மாலையில் சலூன் நாற்காலியில் அவனை உட்காரவைத்து முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, நெஜமாவே அவருக்கு இடது பக்கம் கூட இருந்துச்சா?"

"இல்லடா" என்றாள் அக்கா. "ரெண்டும் சமமாத்தான் இருந்துச்சு. தலையைக் குனி."